உப்புநீரும் பவுடர் டப்பாவும்

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றும் நாளில், அந்த மருந்து உடம்பில் இறங்கும் நேரத்தைவிட, அதற்கு முன்னும் பின்னும் உப்புநீர் இறங்கும் நேரமே அதிகம். கோயம்புத்தூரில் புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு, ஈரோடு, பல்லடம், தாராபுரம், கோபி என்று பல பக்கமிருந்தும் வருகிறவர்களோடு நிதானமாகப் பேச அந்த நேரம்தான் வாய்க்கிறது. அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்கள் வீட்டார் அடிக்கடி கேட்பது இது: கீமோ கிட்னியைக் கெடுக்காமல் இருக்க, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் கலந்த பவுடர் கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் உண்மையான அடிப்படை இருக்கிறது. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின், கருப்பை வாய், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுக்கு இன்றும் முதன்மையான மருந்து. அதிலுள்ள பிளாட்டினத்தைச் சிறுநீரக நுண்குழல்களின் செல்கள் இரத்தத்திலிருந்து உறிஞ்சிப் பல மடங்கு செறிவாகச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனேற்றச் சிதைவும் அழற்சியும் தொடங்கி, செல்கள் மடிகின்றன. கிளைசின், டாரின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களை முன்கூட்டியே கொடுத்த எலிகளில் இந்தச் சேதம் குறைந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆர்ஜினினிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களை விரிக்கும். டாரின் ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தணிக்கும்.

ஆனால் எலியிலிருந்து என் எதிரே படுத்திருப்பவருக்கு வந்து சேரும் வழி நீளமானது. வேதிப்பொருள் கொடுத்துச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் சிஸ்பிளாட்டினின் சிறுநீரகப் பாதிப்பு குறைவாக இருந்ததாகவே சில பழைய ஆய்வுகள் சொல்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து அரித்த மனிதச் சிறுநீரகத்துக்கு அந்த எலி எப்படிச் சாட்சி சொல்லும்? அமினோ அமிலங்கள் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கூட்டுகின்றன. சர்க்கரை நோயின் தொடக்கக் கட்டத்திலோ சிறுநீரகம் ஏற்கெனவே அளவுக்கு மீறி வடிகட்டிக்கொண்டிருக்கும்; அதை இன்னும் விரட்டுவது நல்லதா என்பது கேள்விதான்.

மனிதர்களில் கிடைத்த நல்ல சான்றும் உண்டு. 2024-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3,511 பேரில், அமினோ அமிலக் கரைசல் பெற்றவர்களில் 26.9 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 31.7 விழுக்காட்டினருக்கும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. அது நரம்பு வழியாக, மூன்று நாள் வரை, கண்காணிப்பில் ஏற்றப்பட்டது. கீமோவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மறுபுறம், மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த, 2006-இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் ஒருவரும் இறக்கவில்லை என்பதால் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளில் இதயப் பாதிப்புள்ளவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால், ஆர்ஜினினைத் தீங்கற்றது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "ஏனுங் அம்மணி, கிட்னிக்கு நல்லதுன்னு பையன் வாங்கியாந்தானுங்க. ஒரு கரண்டி கலக்கிக் குடிச்சுக்கலாமுங்களா?" ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு விற்கும் பவுடர் அது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: கிளைசின், குளூட்டமின், ஆர்ஜினின்; அடுத்து மால்டோடெக்ஸ்ட்ரின்; கடைசியில் கிரியாட்டின். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். கிரியாட்டின் சாப்பிட்டால், சிறுநீரகம் கெடாமலேயே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும். அடுத்த கீமோவைக் கொடுப்பதா, தள்ளிவைப்பதா என்று நாங்கள் முடிவெடுப்பதே அந்த எண்ணைப் பார்த்துத்தான். தேவையின்றிச் சிகிச்சை தள்ளிப்போக அந்த ஒரு கரண்டியே போதும். கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமில வகைகளில் இன்னொரு கவலையும் உண்டு: அவை பிளாட்டினத்தையே பற்றிச் செயலிழக்கச் செய்யும் தன்மை கொண்டவை, சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியையும் காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது?

டப்பாவை வேண்டாம் என்று சொன்னதோடு என் வேலை முடியவில்லை. பாதித்த சிறுநீரகத்துக்குப் புரதம் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்பது ஒரு வழிகாட்டுதல். புற்றுநோயில் உடம்பு கரையாமலிருக்க 1 கிராமுக்கு மேல் வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தும்போது, சிறுநீரக மருத்துவரையும் கேட்டு, எடை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதக் கசிவு எல்லாவற்றையும் பார்த்தே அளவைச் சொல்கிறேன். பெரியவருக்கு எடை குறைந்துகொண்டிருந்ததால், அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைக்கவும், தினமும் முட்டை சேர்க்கவும், தறிக்குப் போகும்போது மோர் கொண்டுபோகவும் சொன்னேன்.

சிறுநீரகத்தை உறுதியாகக் காக்கிறவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானாகத்தான் பேச்சை எடுக்க வேண்டியிருக்கிறது. போதிய உப்புநீர், மக்னீசியம், எவ்வளவு சிறுநீர் போகிறது என்ற கணக்கு, இவை எங்கள் பொறுப்பு. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சில நாள் சர்க்கரையை ஏற்றும் என்பதால் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் தறியில் நின்று இடுப்பு வலிக்கிறதென்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்தப் பக்கம் பலருக்கு உண்டு. கீமோ நாட்களில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகவே ஆகாது. பெரியவரின் சட்டைப் பையிலேயே அந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அதை அவர் மகனிடம் கொடுக்கச் சொன்னேன். வாந்தி நிற்காமல் தண்ணீர்கூட உள்ளே தங்காவிட்டால், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை நிறுத்துவதா என்று அன்றைக்கே வார்டுக்குப் போன் செய்து கேட்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று சொல்லி, வார்டு எண்ணை அந்த மகனின் போனிலேயே பதியவைத்து அனுப்பினேன்.