ஹீட்டர் பிளக்கை மாற்றுவதா, விடுவதா: மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு

உதகைக்கு அருகே ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் கேரட் தோட்டத்தில் ஒரு பழைய டீசல் பிக்கப் நிற்கிறது. 2002-இல் வாங்கிய வண்டி, நான்கு சிலிண்டர், டீசலை முதலில் ஒரு சிறிய முன்னறைக்குள் பீய்ச்சி எரிக்கும் பழைய வகை இன்ஜின். அதன் பராமரிப்பை இயன்றவரை நானே செய்து வருகிறேன். இந்த ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த ஒரு விடியற்காலையில், மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகவேண்டிய மூட்டைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பியபோது, நான்காவது முறை செல்ஃப் அடித்த பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஸ்டார்ட் ஆன பிறகும் ஒரு நிமிடம் வரை வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, இரண்டு சிலிண்டரில் ஓடுவதுபோல் குலுங்கியது.

அந்தப் புகைதான் எனக்கு முதல் தடயம். செல்ஃப் அடிக்கும்போது புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை என்று பொருள். அப்போது பில்டரையும் குழாய்களில் காற்று புகுந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளவேண்டும். எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குதான் என்பதால், உள்ளே இழுக்கப்படும் காற்றே குறைவு. அது உறைநிலைக்கு அருகில் இருக்கும்போது, முன்னறையின் குளிர்ந்த சுவர் மிச்சச் சூட்டையும் உறிஞ்சிவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு முன்னறைக்குள்ளும், மின்சாரத்தில் சூடேறும் ஒரு ஹீட்டர் பிளக் நுனியை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "ஒண்ணு போனா மத்ததும் பின்னாலேயே போகும் தம்பி, நாலையும் ஒரே கையா மாத்திடு" என்றார். அவருடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், இருபது ஆண்டுகளாகக் கரி பிடித்து இறுகிக் கிடக்கும் பிளக் கழற்றும்போது முறிந்துவிட்டால், சில சமயம் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே இறக்கவேண்டி வரும். ஒரு பிளக்கின் விலை ஒரு மூட்டை கேரட்டின் விலைகூட இருக்காது. ஹெட்டை இறக்கும் செலவோ ஒரு பருவ வருமானத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஆகவே வயதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொன்றையும் அளந்து பார்த்த பிறகே கைவைப்பது என்று தீர்மானித்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அளப்பதிலேயே கழிந்தது. டேஷ்போர்டில் பிளக் சூடேறுவதைக் குறிக்க எரியும் சுருள் வடிவ விளக்கை நம்பி நான் பல ஆண்டுகள் ஏமாந்திருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது: எங்கள் வண்டியில் அது டைமரின் கணக்குப்படி அணைகிறதே தவிர, பிளக் சூடானதா என்பதை அறிந்து அணைவதில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே 'டிக்' என்று ஒலிப்பதும் அப்படியே. எனவே பேட்டரியில் இருக்கும் மின்னழுத்தத்தையும், நான்கு பிளக்குகளையும் இணைக்கும் தகட்டில் வந்து சேரும் மின்னழுத்தத்தையும் சாவி போட்ட நிலையில் ஒப்பிட்டேன். வித்தியாசம் 0.4 வோல்ட்தான், ரிலேயும் வயரும் பழுதில்லை.

பிறகு தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்காக அளந்தேன். மல்டிமீட்டரில் ஓம் அளக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நல்ல பிளக்கின் மின்தடையே ஒரு ஓமுக்குள் இருக்கும் என்பதால், மீட்டர் வயர்களின் சொந்தத் தடை கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது பிளக் 0.7, நான்காவது 0.8, மூன்றாவது 1.6. முதலாவதில் இணைப்பே இல்லை.

ஓம் கணக்கு குளிர்ந்த நிலையைத்தான் காட்டும். உண்மையான தேர்வு மின்னோட்டத்தில் இருக்கிறது. நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்கு வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பல வீட்டு மின்சாரத்தை மட்டுமே அளப்பவை. பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேரடியாகக் கொடுத்தபோது, இரண்டாவது பிளக் 17 ஆம்பியரில் தொடங்கிப் பத்து வினாடிகளில் 10-க்கு இறங்கியது. நான்காவது 15-இல் தொடங்கி 9-க்கு வந்தது. இந்த இறக்கம்தான் உயிருள்ள பிளக்கின் அடையாளம்: சூடு ஏற ஏற உள்ளிருக்கும் கம்பிச்சுருளின் தடை கூடி, தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. மூன்றாவது 7-இல் தொடங்கி அங்கேயே நின்றது. முதலாவது அசையவே இல்லை.

முதலாவதும் மூன்றாவதும் கட்டாயம் மாற்றவேண்டியவை. மற்ற இரண்டும் அதே வயதுடையவை. எளிதாகக் கழன்றால் மாற்றுவது, பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுவது என்று எனக்கு நானே ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். முறுக்கும் விசை குறித்த அளவைத் தொட்டதும் 'கிளிக்' என்னும் டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதே அந்த எல்லை.

வெள்ளி, சனி இரு மாலைகளிலும் பிளக் அடிவாரத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். இரண்டாம் ஞாயிறு காலையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து, இன்ஜின் சூடாக இருக்கும்போதே தொடங்கினேன். முதலாவது ஒரு சிறு கிறீச்சொலியோடு இளகியது. கால் சுற்று திறப்பது, அரைக்கால் சுற்று இறுக்குவது, எண்ணெய் விடுவது என்று மாற்றி மாற்றிச் செய்து வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. இரண்டாவது அதைவிட எளிதாக வந்தது.

மூன்றாவதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது மனம் கனத்தது. நுனி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் அரிக்கப்பட்டு, எரிந்த தீக்குச்சியைப்போல் கூர்ந்திருந்தது. இது முதுமையால் வந்த சேதம் அல்ல. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையான நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகி, தீப்பிழம்பு நுனியிலேயே பட்டுக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே வழியில் போயிருக்கும். அந்த இன்ஜெக்டரைக் கழற்றிக் கோயம்புத்தூரில் பம்ப் வேலை செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்துச் சோதித்ததில், அது சொட்டுவது உறுதியானது. நாசிலை மாற்றி வாங்கி வந்தேன்.

நான்காவது பிளக் அசையவில்லை. மறுபடி ஊறவைத்தேன், சூட்டில் முயன்றேன், ரெஞ்ச் 25-இல் 'கிளிக்' என்றது, பிளக் நின்ற இடத்திலேயே நின்றது. மெக்கானிக் அண்ணனைப் போனில் கேட்டேன். ஆம்பியர் கணக்கைச் சொன்னதும், "வேலை செய்யுதுன்னா அதுல கை வைக்காத தம்பி, ஹெட்டு எறக்குற அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

மூன்றாம் ஞாயிறு, புதிய பிளக்குகளைப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்துப் பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். போலிகள் உலவும் பொருள் என்பதால் இந்தச் சோதனையை நான் தவிர்ப்பதில்லை. நல்ல பிளக் நுனியில்தான் முதலில் சிவக்கும். அந்தச் சிவப்பு பிறகு மெல்ல உடலை நோக்கிப் பரவும். நடுவில் சிவந்து நுனி கறுத்தே இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். மூன்றும் ஏழெட்டு வினாடிகளில் நுனியில் செம்மை கண்டன. துளைகளில் இருந்த கரியைச் சுத்தம் செய்து, மரையைக் கையாலேயே கடைசிவரை ஓட்டி, 20 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டியது. சாவி போட்டதும் தகட்டுக்கு வரும் வயரில் 62 ஆம்பியர். சற்று நேரத்தில் 39-க்கு இறங்கி நின்றது. செல்ஃப் அடித்த இரண்டாவது வினாடியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மெல்லிய புகை ஒரு முறை எழுந்து மறைந்தது. நான்காவது பிளக்கின் எண்களை, தேதியோடு, பானட்டின் உள்பக்கத்தில் பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த அக்டோபரில், பனி இறங்குவதற்கு முன், அதே வயரையும் அதே மீட்டரையும் கொண்டு மீண்டும் அளப்பேன்.