ஒரே நிமிடத்தில் இரண்டு பேருந்துகள்

நிறுத்தத்தில் தொங்கும் எலக்ட்ரானிக் பலகையில் அடுத்து கிளம்பும் மூன்று பேருந்துகளைக் காட்ட வேண்டும். கேட்கச் சின்ன வேலைதான். நிறுத்தத்தின் எண் கீ (தேடப் பயன்படும் சாவி), அங்கிருந்து வண்டிகள் கிளம்பும் நேரங்கள் அதன் மதிப்புகள். ஒரு கீக்குப் பல மதிப்புகள் (இந்த அமைப்புக்கு மல்டிமேப் என்று பெயர்), அவையும் நேர வரிசையில். அப்படி நின்றால், ‘மணி 8:40, இதற்கு மேல் முதல் மூன்றைக் கொடு’ என்ற கேள்விக்கு, 1,000 நேரங்கள் உள்ள நிறுத்தத்திலும், ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடும் பைனரி சர்ச் 10 ஒப்பீட்டில் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

பல ஊர்களின் அட்டவணைகள் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து ட்ரைமெட் நிறுவனமும் கூகுளும் 2005-இல் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இது. ஒரு ஜிப் கோப்பு, உள்ளே கமா போட்டுப் பிரித்த சில உரைக் கோப்புகள். நமக்கு வேண்டியது நிறுத்த நேரங்கள் உள்ள கோப்பு. அதன் ஒவ்வொரு வரியிலும் பயண எண், வரும் நேரம், கிளம்பும் நேரம், நிறுத்தம், அந்தப் பயணத்தில் அது எத்தனையாவது நிறுத்தம் என்ற வரிசை எண் ஆகியவை இருக்கும். வரிகள் பெரும்பாலும் பயணவாரியாக அடுக்கப்பட்டிருக்கும், நமக்கோ நிறுத்தவாரியாக வேண்டும். ஆகவே கோப்பைப் புரட்டி அடுக்குவதுதான் முதல் வேலை.

ஜாவாவில் இதற்குக் கை தானாகப் போவது குவாவா நூலகத்தின் ட்ரீமல்டிமேப்புக்கு, அதாவது மதிப்புகளை வரிசையில் வைக்கும் மல்டிமேப்புக்கு. இல்லையென்றால் மேப்புக்குள் ட்ரீசெட் (ஒன்றே இரண்டு முறை வராமல் வரிசையில் வைக்கும் தொகுப்பு) வைத்து, கீ இல்லாதபோது புதிதாக ஒன்றை உருவாக்கிச் சேர்ப்பார்கள். இரண்டிலும் கம்பேரட்டரை, அதாவது இரண்டில் எது முன்னால் என்று சொல்லும் விதியை, நாம் கொடுக்க வேண்டும். நேரப்படிதானே வரிசை என்று நேரத்தை மட்டும் ஒப்பிடும் கம்பேரட்டரை எழுதுவார்கள். குளறுபடி இங்கேதான் தொடங்குகிறது.

12-ஆம் தடப் பேருந்து 8:45-க்கு, 47-ஆம் தடமும் 8:45-க்கு. கம்பேரட்டர் பூஜ்யம், அதாவது இரண்டும் சமம், என்கிறது. ட்ரீசெட்டுக்குப் பூஜ்யம் என்றால் ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று பொருள். இரண்டும் ஒன்றேதானா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடை அது கூப்பிடவே கூப்பிடாது. இரண்டாவது வண்டி வாசலிலேயே திரும்பிவிடும். எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) வராது, லாகில் ஒரு வரியும் விழாது. சேர்க்கும் மெத்தட் ஃபால்ஸ் என்று திருப்பித் தரும், அதை யாரும் பார்ப்பதில்லை. அட்டவணை நேரங்கள் நிமிடக் கணக்கில் போடப்படுவதால் பெரிய டெர்மினஸ்களில் இந்த மோதல் நாள் முழுக்க நடக்கும். ஒரு தடம் மட்டும் ஓடும் சிறு நிறுத்தத்தை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பலகையில் இல்லாத வண்டி கண்ணெதிரே வந்து நிற்கிறது என்று பயணிகள் புகார் சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆக, வரிசை விதி எழுதும்போதே எது எதோடு ஒன்று என்பதையும் எழுதிவிடுகிறோம். நேரம் சமமானால் பயண எண், அதுவும் சமமானால் நிறுத்த வரிசை எண் என்று கம்பேரட்டரை நீட்ட வேண்டும். வட்டமாக ஓடும் தடம் ஒரே நிறுத்தத்தை ஒரே பயணத்தில் இரண்டு முறை தொடும் என்பதால் கடைசியில் சொன்ன எண்ணையும் விடாமல் சேர்ப்பது நல்லது. பயண எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்தால் அந்தக் கோப்பில் ஒரு வரிதான் இருக்க முடியும். சரிபார்க்க ஒரு சுலப வழி: கிளம்பும் நேரம் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் மல்டிமேப்பின் சைஸும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த சைஸ் கீக்களை எண்ணாது, கீ–மதிப்பு ஜோடிகளை எண்ணும். நிறுத்தங்கள் எத்தனை என்று தெரிய கீசெட்டின் சைஸைக் கேட்க வேண்டும்.

இதே குணம் ஜாவாவின் தசம எண் வகையான பிக்டெசிமலிலும் உண்டு. 1.0, 1.00 இரண்டையும் ஈக்வல்ஸை நம்பும் ஹேஷ்செட்டில் போட்டால் இரண்டாக நிற்கும், ட்ரீசெட்டில் போட்டால் ஒன்றுதான். கம்பேரட்டரில் முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து விடையாகத் தரும் பழக்கமும் ஆபத்து. ஒரு நாளின் வினாடிகள் 86,400-தான் என்பதால் இங்கே தப்பிக்கலாம். அதே வரியை வேறு இடத்தில் ஒட்டும்போது 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் விடை 32 பிட்டில் அடங்காமல் குறி தலைகீழாகும்.

நேரத்தை உரையாகவே வைத்து வரிசைப்படுத்துவது அடுத்த தவறு. காலை ஒன்பது மணியை ஒற்றை இலக்கத்தில் எழுத அந்த வடிவம் அனுமதிக்கிறது. அதனால் ‘9:05:00’ உரை வரிசையில் ‘10:15:00’-க்குப் பின்னால் போய் நிற்கும். வினாடியாக மாற்றி முழு எண்ணாக வைத்தால் தொல்லை இல்லை: 9:05:00 என்பது 32,700.

நள்ளிரவு தாண்டி ஓடும் வண்டிக்கு 25:10:00 என்று எழுதியிருப்பார்கள். முந்தைய நாளின் பயணம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். உரையைக் கடிகார நேரமாக மாற்றும் பார்சரில் கொடுத்தால் ஒன்று பிழை வரும், அல்லது தாராள மனதோடு 1:10 ஆக்கி நாளின் தலையில் கொண்டுபோய் வைக்கும். 90,600 வினாடி என்று அப்படியே விட்டுவிடுங்கள். பலகையில் மணி 0:30 ஆகும்போது இரண்டு தேடல் வேண்டும்: இன்றைய அட்டவணையில் 1,800 முதல், நேற்றைய அட்டவணையில் 88,200 முதல். இரண்டையும் கடிகார நேரத்துக்குக் கொண்டுவந்து கலந்து முதல் மூன்றை எடுக்க வேண்டும்.

வண்டி தாமதமானால்? ட்ரீயில் (ட்ரீசெட்டின் உள்ளே கிளை கிளையாக விரியும் அமைப்பு) இருக்கும் பொருளின் நேரத்தை இருந்த இடத்திலேயே திருத்தக் கூடாது. திருத்தினால் அது பழைய கிளையில் உட்கார்ந்திருக்கும், தேடலோ புது நேரத்தைப் பார்த்து வேறு கிளையில் இறங்கும். கண்ணுக்குத் தெரியும், ரிமூவ் செய்தால் போகாது. எடு, திருத்து, மறுபடி போடு என்பது பாடமான வழி. அதைவிட, அட்டவணையைத் தொடாமல் வைத்துத் தாமதங்களைப் பயண எண் வாரியாகத் தனி மேப்பில் வைப்பதே மேல். தேடலை மட்டும் அரை மணி நேரம் பின்னாலிருந்து தொடங்கி, தாமதத்தைக் கூட்டி, கிடைத்த சில வண்டிகளை அங்கேயே வரிசைப்படுத்தலாம். 8:20 வண்டி 25 நிமிடம் தாமதமானால் 8:45-க்குத்தானே கிளம்பும். 8:40-லிருந்து மட்டும் தேடினால் அது கிடைக்காது.

மொழிக்கு மொழி குழி வேறு. கீக்கு ஒரு பட்டியல் வைக்கும் பைதானின் டிஃபால்ட்டிக்டில் இல்லாத கீயைச் சதுர அடைப்புக்குறியில் வாசித்தாலே காலிப் பட்டியல் ஒன்று பிறந்துவிடும். தப்பான நிறுத்த எண்களை யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் நினைவகம் வீங்கும். பைதானின் பைனரி சர்ச்சான பைசெக்ட் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும், ஆனால் நடுவில் செருகும்போது பின்னால் உள்ளவை எல்லாம் நகர வேண்டும். மொத்தமாக ஏற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, கடைசியில் ஒரு தடவை சார்ட் செய்தால் போதும். சி++ மல்டிமேப் கீக்களைத்தான் வரிசையில் வைக்கும், ஒரே கீயின் மதிப்புகள் செருகிய வரிசையிலேயே நிற்கும். மதிப்பும் வரிசைப்பட வேண்டுமென்றால் ஜோடிகளின் செட் வேண்டும். சமமானவை பல இருக்க விடும் மல்டிசெட்டில் மதிப்பைச் சொல்லி எரேஸ் செய்தால் சமமானவை அத்தனையும் போகும். ஒன்றை மட்டும் நீக்க, அதன் இடத்தைச் சுட்டும் இட்டரேட்டரைக் கொடுக்க வேண்டும்.

ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் சார்ட்டட் செட்டில், வரிசையைத் தீர்மானிக்கும் ஸ்கோர் 64 பிட் டபுள் (தசமப் புள்ளி) எண். 9,007,199,254,740,992 வரைதான் முழு எண்கள் ஒன்றுவிடாமல் துல்லியமாக நிற்கும். வினாடிக்கு அது தாராளம், 19 இலக்க நானோ வினாடியைப் போட்டால் பக்கத்துப் பக்கத்து நேரங்கள் ஒன்றாகிவிடும். ஸ்கோர் சமமானால் மெம்பரின் (ஸ்கோரோடு சேர்த்து வைத்த உரையின்) எழுத்து வரிசைதான், அதனால் ‘10’ முன்னால், ‘9’ பின்னால். பயண எண்ணை மட்டும் மெம்பராக்கினால் வட்டத் தடத்தின் இரண்டாம் வருகை முதல் வருகையின் ஸ்கோரை அழித்து எழுதும்.

இரவில் ஒரு முறை ஏற்றி நாள் முழுக்க வாசிக்கும் தரவுக்கு ட்ரீயே தேவையில்லை என்பது என் கருத்து. வழக்கமான 64 பிட் ஜாவாவில் ட்ரீயின் ஒரு கணு மட்டும் 40 பைட். 10 லட்சம் நேரங்களுக்குச் சுமார் 40 எம்பி, பொருள்களின் கணக்கு தனி. அதே நேரங்கள் இன்ட் அரேயில் (முழு எண்களின் நேர் அடுக்கில்) 4 எம்பி. எல்லா நிறுத்தங்களின் நேரங்களையும் ஒரே அரேயில் அடுக்கி, எந்த நிறுத்தம் எங்கே தொடங்குகிறது என்பதை இன்னொரு சின்ன அரேயில் வைத்தால் முடிந்தது. ஜாவாவின் ரெடிமேட் பைனரி சர்ச் மட்டும் வேண்டாம். 8:45 மூன்று இருந்தால் எந்த 8:45-ஐத் தரும் என்று அது உறுதி சொல்வதில்லை. முதல் சமத்தைத் தேடும் பத்து வரியை நாமே எழுதிக்கொள்ளலாம்.

டேட்டாபேஸில் நிறுத்தம், நேரம், பயணம், வரிசை எண் என்ற இதே ஒழுங்கில் ஒரு கூட்டு இண்டெக்ஸ் (பல பத்திகளைச் சேர்த்த தேடல் வரிசை) போட்டால் அதுவே இந்த அமைப்பு. அங்கேயும் பழைய வியாதி தலைகாட்டும். முடிவுகளைப் பக்கம் பக்கமாகக் காட்டி, அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது ‘கடைசியாகக் காட்டிய நேரத்தைவிடப் பெரியது’ என்று எழுதினால், பக்கத்தின் ஓரத்தில் நின்ற 8:45-இன் ஜோடி காணாமல் போகும். நேரத்தோடு பயண எண்ணையும் வரிசை எண்ணையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். சோதனைத் தரவில் ஒரே நிறுத்தத்தில் 8:45-க்கு மூன்று வண்டிகளைப் போட்டு, பக்கத்துக்கு 2 என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது வண்டி இரண்டாம் பக்கத்தில் வந்தால் சரி.