தொடுவெட்டியும் நிக்கித்தினோவும்

பழைய பத்திரத்தில் தொடுவெட்டி என்று கண்டால், அது இன்றைய மார்த்தாண்டம் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே உள்ள காக்கசஸ் மலைப்பக்கத்துக் கிராமத்தின் பழைய பெயரையும் தலைக்கணக்கையும் தேடுகிறவருக்கு அந்த வசதி பல இடங்களில் இல்லை. சொல்லத் தெரிந்தவர்களையே ஊரைவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

ஆர்மீனியாவின் லோரி மாகாணத்தில் பியலேத்தவோ என்ற மொலோகான் கிராமம் இருக்கிறது. மொலோகான்கள் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையை விட்டு விலகிய கிறிஸ்தவர்கள். இவர்களை, 1830 ஆணைக்குப் பிறகு ஜார் அரசு காக்கசஸுக்குத் தெற்கே அனுப்பியது. ஊரின் முதல் பெயர் நிக்கித்தினோ. 1918-இல் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பாக்கு நகரக் கமிசார்களில் (போல்ஷெவிக் ஆட்சித் தலைவர்களில்) ஒருவரான இவான் பியலேத்தவின் பெயரை சோவியத் அரசு வைத்தது. இன்னொரு மொலோகான் ஊரான வஸ்க்ரெசெனோவ்கா, ரஷ்யக் கவிஞர் லெர்மந்தவ் பெயரில் லெர்மந்தவோ ஆனது. பெயர்தான் மாறியது, குடிகள் அங்கேயே இருந்தார்கள்.

அஜர்பைஜானின் ஹெலனென்டார்ஃப் கதை வேறு. 1819-இல் தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கிலிருந்து வந்த ஜெர்மானியர் அமைத்த ஊர் அது. அதன் பெயர் 1938-இல் கான்லார், 2008-இல் கோய்கோல் என்று மாறியது. ஜெர்மானியர்களை நாடு கடத்தியதோ 1941 அக்டோபரில். பெயர் மாறிய ஆண்டையே மக்கள் மாறிய ஆண்டாக எடுத்தால் மூன்று வருடம் தப்பும்.

தலைக்கணக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது ஜார் அரசின் 1886 குடும்பப் பட்டியல். 1893-இல் இன்றைய ஜார்ஜியத் தலைநகரான திப்லிசியில் அச்சானது. ஊர் வாரியாக, இனம் வாரியாக எண்கள் உண்டு. ஆனால் அது பதிவில் இருப்பவர்களின் கணக்கு. வெளியூர் போனவரும் அதில் இருப்பார்.

ரஷ்யப் பேரரசின் 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதன் ஊர்ப்பட்டியல் 500 பேரும் அதற்கு மேலும் உள்ள ஊர்களை மட்டுமே அச்சிட்டது. அதில் ஊரைக் காணோம் என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இனம் என்ற கேள்வியே கிடையாது; தாய்மொழி, மதம் இரண்டும்தான். 'தாத்தார்' மொழி என்று வருவது பெரும்பாலும் இன்றைய அஜர்பைஜானியரின் மொழி. இனத்தைத் தனியாகக் கேட்டது சோவியத் அரசின் 1926 கணக்கெடுப்பில். 1937 கணக்கை ஸ்டாலின் அரசு முடக்கிப்போட்டது, அதனால் அடுத்த படி 1939.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது சகஜம். நம் மேல, கீழ போல ஆர்மீனியனில் வெரின், நெர்கின். ஜார்ஜியனில் ஜெமோ, க்வெமோ. முன்னொட்டை விட்டுவிட்டால் இரண்டு ஊர்த் தொகையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஜார் காலத்து ஐந்து வெர்ஸ்ட் வரைபடத்தில் (வெர்ஸ்ட் பழைய ரஷ்ய தூர அளவு; வரைபடத்தில் ஓர் அங்குலம் தரையில் ஐந்து வெர்ஸ்ட், அதாவது சுமார் 5.3 கிலோமீட்டர்) ஆற்றையும் பாதையையும் வைத்து இடத்தை உறுதி செய்துவிட்டு, பிறகு பெயருக்குப் போங்கள்.

இங்கேயும் அதே வேலைதான். நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, சிங்கம் (ஆவணி) மாதம் முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் 825 கூட்ட வேண்டும். திருவிதாங்கூர் கணக்கெடுப்பில் கிராமம் என்று தேடாமல் 'பகுதி' என்று தேடுங்கள். ஒரு பகுதிக்குள், பெயர் விளை, கோடு என்று முடியும் பல சிற்றூர்கள் அடங்கும். 2011-இல் நம் மாவட்டத்தில் 82 சதவீதம் நகர்ப்புறம் என்று வந்ததற்குப் பெரிய காரணம் பேரூராட்சிகள். தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிற வீடும் அந்தக் கணக்கில் நகரம். கிராமப் பட்டியலில் ஊர் கிடைக்காவிட்டால் பேரூராட்சி வார்டுகளைப் பாருங்கள்.