68 வெள்ளி நட்சத்திரங்கள்

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் அந்த மேலங்கியைப் பற்றி டோல்கீன் எழுதியிருப்பது இரண்டு மூன்று வாக்கியம்தான். கோடை இரவின் ஆழமான நீலம். கழுத்தைச் சுற்றியும் கீழ் ஓரத்திலும் வெள்ளி நட்சத்திரங்கள். ஆட்சியாளர் வீட்டு மகன் ஃபராமிர் ஆளனுப்பி அதை வரவழைத்து, போரில் காயம்பட்டுத் தேறிவரும் ஏயோவினுக்குப் போர்த்திவிடுகிறான். அவனுடைய அம்மா ஃபின்டுயிலாஸுக்காகச் செய்த மேலங்கி அது. அவள் அற்பாயுசில் போய்விட்டவள். 1955ல் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசிப் பகுதியில் இது வருகிறது. இந்த இரண்டு மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் நான்கு மாதம் தைத்தேன்.

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கி முதல் தடவை படித்தபோது எனக்கு 19 வயது. அப்போது எனக்குப் பிடித்த ஏயோவின் வாள் எடுத்தவள். ஆண் வேடத்தில் போருக்குப் போய், எந்த ஆணாலும் வீழ்த்த முடியாது என்று பேர் வாங்கியவனை வீழ்த்தியவள். அதற்குப் பிறகு வரும் மருத்துவ மனைப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிட்டேன். அப்பா இறந்த வருஷம் மறுபடி படித்தேன். இந்த முறை அந்தப் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. செத்துப்போக ஆசைப்பட்டுப் போன ஒரு பெண், உயிரோடு மீந்துபோய், குளிரில் மதில்மேல் நிற்கிறாள். அவள் தோளில் வேறொருவருடைய அம்மாவின் துணி. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பிடித்த கதாபாத்திரம் மாதிரி உடுத்திக்கொண்டு ரசிகர்கள் வரும் காமிக் கான் திருவிழா சென்னையில் முதல் தடவையாக நடந்தபோது வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், தைத்தால் அந்த மேலங்கிதான். கவசமும் வாளும் வேண்டாம்.

எங்கள் குரோம்பேட்டை வீட்டில் அம்மாவின் கால் மிஷின் இருக்கிறது. தெருவுக்கே ஜாக்கெட் தைத்த மிஷின். எனக்குத் தெரிந்த தையல் எல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கு எடுத்துக் கொடுத்துக் கற்றதுதான்.

முதலில் வெல்வெட் வாங்கத்தான் கோடவுன் தெருவுக்குப் போனேன். ராணி மாதிரி இருக்கும் என்று நினைப்பு. ஆனால் வெல்வெட்டில் கையை ஒரு பக்கம் ஓட்டினால் வழுவழு, எதிர்ப்பக்கம் ஓட்டினால் சொரசொர. ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வெட்டினால், ஒன்று நீலமாகத் தெரியும், இன்னொன்று கறுப்பாகத் தெரியும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்ட வேண்டும் என்றால் ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டும். அந்தப் பாரத்தைச் சென்னையில் யார் சுமப்பது? கடைசியில் செமி ரா சில்க். டியூப் லைட்டில் எல்லா நீலமும் ஒன்றாகத்தான் தெரியும் என்பதால் ஒவ்வொரு தானையும் வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலில் பார்த்தேன். பாவு நீலமும் ஊடை கறுப்புமாக நெய்த ஒன்று கிடைத்தது. அசையாமல் கிடந்தால் கறுப்பு. மடிப்பு திரும்பும் இடத்தில் நீலம் எழுந்து வரும். இரவு என்றால் அதுதானே.

மேலங்கி ஓர் அரை வட்டம். கழுத்திலிருந்து தரை வரை எனக்கு 53 அங்குலம், கழுத்து வளைவுக்கு 5, ஆக ஆரம் 58. துணியின் அகலமோ 44தான். ஒரே துண்டாக வெட்ட வழியில்லை. காகிதத்தில் வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அம்மா எட்டிப் பார்த்து, "இது ஆறு கட் பாவாடைதானேடி, கழுத்துல கட்டப்போற, அவ்வளவுதான்" என்றாள். உள்பாவாடைக்கு வெட்டுவது போலவே, ஒரு துண்டின் அகல முனைக்குப் பக்கத்தில் அடுத்த துண்டின் குறுகிய முனை. இரண்டு இரண்டாக மூன்று வரிசை. ஐந்து மீட்டரில் முடிந்தது.

துணியில் கத்தரி வைப்பதற்கு முன் பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் வெட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. என் கழுத்துச் சுற்று 15 அங்குலம். முழு வட்டத்துக்கான கணக்கைப் போட்டு ஆரம் 2.4 என்று வெட்டிவிட்டேன். கழுத்தில் பாதிதான் சுற்றியது. அரை வட்டம் என்றால் 4.8. இதே வேலையைச் செய்யப்போகிற யாராவது இதைப் படித்தால் இந்த ஓர் எண்ணை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கழுத்துச் சுற்றை 3.14 ஆல் வகுங்கள், 6.28 ஆல் அல்ல.

ஆறு துண்டையும் இணைத்த அன்றே ஓரம் மடித்துவிடும் அவசரம் எனக்கு. அம்மா விடவில்லை. "மூணு நாள் தொங்கட்டும்." இணைப்பு ஓடும் இடமெல்லாம் துணி சாய்வாக வெட்டியது, அங்கே இழை தளரும். நிலைப்படிக்கு மேலிருந்த ஆணியில் ஹேங்கர் மாட்டித் தொங்கவிட்டோம். நான்காம் நாள் போட்டுக்கொண்டு நின்றபோது, அம்மா தரையில் ஸ்கேலை நிறுத்தி சாக்பீஸால் சுற்றி வரக் குறித்தாள். இணைப்புகள் எல்லாம் அரை அங்குலம் இறங்கியிருந்தன. அப்படியே மடித்திருந்தால் ஓரம் அலை அலையாகப் போயிருக்கும்.

அதற்குப் பிறகு நட்சத்திரம். எத்தனை, எந்த அளவு, எத்தனை முனை என்று அந்த வாக்கியத்தில் இல்லை. நான் எட்டு முனை வைத்தேன், நான்கு நீளம், நான்கு குட்டை. ஓரத்தின் நீளம் 180 அங்குலம், மூன்று அங்குலத்துக்கு ஒன்று என்றால் 60. கழுத்துக்கு 8. வெட்டிய துணியில் மிஞ்சிய துண்டில் முதல் நட்சத்திரத்தை, சாதாரண வெள்ளி ஜரிகையை ஊசியில் கோத்துக் குத்தி இழுத்துத்தான் போட்டேன். நாலு இழுப்பில் ஜரிகையின் மேல்தகடு உரிந்து உள்ளே இருந்த நூல் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் ஆரி வேலை செய்யும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஜரிகையைத் துணிக்குள் இழுக்கவே கூடாது, மேலே படுக்க வைத்து மெல்லிய நூலால் ஆங்காங்கே பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்றார். பின்னால் கேன்வாஸ் கொடுத்தால் துணி சுருங்காது. அந்த முறையில் ஒரு நட்சத்திரத்துக்கு 40 நிமிஷம். ஆபீஸ் விட்டு வந்து சாப்பிட்டு, ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவுக்கு இரண்டு. அப்படி 34 இரவு.

இடையில்தான் அது நடந்தது. அந்த முதல் நட்சத்திரத்தை மாதிரிக்காகச் சமையலறை ஜன்னலோரம் குத்தி வைத்திருந்தேன். ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் கறுத்துப் போயிருந்தது. மட்ட ஜரிகை, ஈரக்காற்று, வேறென்ன ஆகும். வேறு ஜரிகை வாங்கிக்கொள்ளலாம் என்று அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். கதையை அவளுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வைத்திருந்தேன்.

"ஏன் கண்ணு, அந்தப் பையனோட அம்மா செத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

புத்தகத்தின் பின்னிணைப்பில் வருஷக் கணக்கு இருக்கிறது. ஃபின்டுயிலாஸ் இறந்தது 2988ல். ஃபராமிருக்கு அப்போது 5 வயது. அவன் மேலங்கியைப் போர்த்துவது 3019ல். முப்பத்தோரு வருஷம் என்றேன்.

"முப்பத்தோரு வருஷமும் வெள்ளி வெள்ளியாவே இருந்துச்சா? அப்ப யாரோ எடுத்து எடுத்து வெச்சிருக்காங்க."

நான் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ தடவை படித்த இடம். ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியதன் காரணம் எங்கள் பீரோவில் இருக்கிறது. அவளுடைய கூரைப்புடவை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி மேல்தட்டில் இருக்கும். வருஷா வருஷம் தை பிறந்து ஈரம் போனதும் அதை எடுத்து, வெயில் படாமல் கூடத்துக் கயிற்றில் ஒரு பகல் விரித்துப் போடுவாள். சாயங்காலம் போன வருஷ மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடிப்பாள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே அறுந்துவிடும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது என்று வசம்பைத் துணியில் முடிந்து ஓரத்தில் வைப்பாள். 41 வருஷப் புடவை. இன்றைக்கும் ஒரு கறுப்பு இல்லை.

அப்படியென்றால் ஃபராமிரின் ஊரான மினாஸ் டிரித்தின் அந்தக் கல் மாளிகையிலும் யாரோ இருந்திருக்கிறார்கள். மனைவி போனபின் இறுகிப்போன அவன் அப்பா டெனதோர் அதைச் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தப்புரத்தில் வேலை பார்த்த ஒரு பெண் என்றுதான் நினைக்கிறேன், புத்தகத்தில் பேர் வராத ஒருத்தி. இனி யாரும் உடுத்தப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் எடுத்து, உதறி, நிழலில் போட்டு, மடிப்பு மாற்றி வைத்தவள். ஐந்து வயதுப் பையன் அந்த நாளில் ஓரமாக வந்து நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பான். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து, ஊரே பயத்தில் கிடக்கும்போது, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லி ஆளனுப்ப அவனால் முடிந்திருக்கிறது. இதெல்லாம் என் ஊகம். ஆனால் மிச்ச நட்சத்திரங்களை அவளை நினைத்துக்கொண்டுதான் தைத்தேன். உள்ளே டூ பை டூ லைனிங் வைத்தபோது, இடது பக்கம் ஒரு சின்னப் பை போல விட்டிருக்கிறேன். வசம்புக்கு.

கடைசியாக ஒரு சிக்கல். கழுத்தில் கொக்கி மட்டும் வைத்தால் மொத்த பாரமும் தொண்டையைப் பிடிக்கிறது. பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. உள்பக்கம் தோளோரமாக இரண்டு நாடா தைத்து, மார்பில் குறுக்காகக் கொண்டுபோய் முதுகில் முடிந்தேன். பாரம் தோளுக்குப் போய்விட்டது, கொக்கி பேருக்குத்தான். உள்ளே வெள்ளைப் பருத்தி அங்கி. அதில் சொல்ல ஒன்றுமில்லை, நேர்த்தையல்.

மார்கழியில் ஒரு விடிகாலை, ஐந்து மணி இருக்கும், போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். புத்தகத்திலும் அவர்கள் மதில்மேல் நிற்கும்போது வடக்கிலிருந்து காற்று வீசுகிறது. நமக்கு அந்தக் காற்றுக்குப் பேரே இருக்கிறது, வாடை. போருக்குப் போனவர்களிடமிருந்து சேதி வராமல் காத்திருப்பவர்களை வாட்டும் காற்றாகவே நம் புலவர்கள் அதைப் பாடியிருக்கிறார்கள். ஏயோவின் அங்கே நின்றதும் அப்படித்தான். சென்னை வாடை பெரிய குளிர் இல்லை. ஆனாலும் மேலங்கிக்குள் புகுந்து அதை உப்ப வைத்தது. பறந்துவிடும் என்று நினைத்தேன், பறக்கவில்லை. ஓரத்தில் 60 நட்சத்திரமும் கேன்வாஸுமாகச் சேர்ந்த பாரம் அதைக் கீழே இழுத்துப் பிடித்தது. ஏன் ஓரத்தில் வைத்துத் தைத்தார்கள் என்பது எனக்கு அப்போது தோளில் தெரிந்தது.

அம்மா மெதுவாகப் படியேறி வந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குனிந்து ஓரத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "தரையில படுது பாரு."

கீழே வந்ததும் மடிக்கப் போனேன். உடம்புச் சூடு போகட்டும் என்று நாற்காலிமேல் விரித்துப் போட்டுவிட்டாள். மறுநாள் வெள்ளைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்தோம். மடிப்பு மூன்றாவது நட்சத்திரத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. அடுத்த தையில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் மாற்ற வேண்டும்.