மணி அடிக்காமல் இருக்கத் தெரிந்த இயந்திரம்

பொது அறிவுப் போட்டியில் கணினி மனிதரை வென்ற கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வெற்றியோடு நிறுத்திவிடுகிறார்கள். 2011 பெப்ரவரி 14 முதல் 16 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஜெபர்டி’ நிகழ்ச்சியில், ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய வாட்சன் என்ற கணினி, அந்த நிகழ்ச்சியின் தலைசிறந்த போட்டியாளர்களான கென் ஜெனிங்ஸையும் பிராட் ரட்டரையும் தோற்கடித்தது. ஜெனிங்ஸ் 2004 இல் தொடர்ச்சியாக 74 ஆட்டங்களை வென்றவர். இரண்டு ஆட்டங்களின் முடிவில் வாட்சனின் கணக்கில் 77,147 டொலரும், ஜெனிங்ஸின் கணக்கில் 24,000 டொலரும், ரட்டரின் கணக்கில் 21,600 டொலரும் இருந்தன. ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் வினாவிடைப் போட்டியை நடத்துகிறவன் என்ற வகையில், என்னை இந்தத் தொகைகளைவிட அதிகம் ஈர்த்தது அந்தக் கணினி சொன்ன பிழையான விடை ஒன்றுதான்.

முதல் ஆட்டத்தின் இறுதிக் கேள்வி ‘அமெரிக்க நகரங்கள்’ என்ற தலைப்பின்கீழ் வந்தது. ஒரு நகரத்தின் மிகப் பெரிய விமான நிலையம் இரண்டாம் உலகப் போரின் வீரர் ஒருவரின் பெயரையும், இரண்டாவது பெரிய விமான நிலையம் அதே போரில் நடந்த சமர் ஒன்றின் பெயரையும் கொண்டிருக்கின்றன. அந்த நகரம் எது? மனிதர் இருவரும் சிக்காகோ என்று சரியாக எழுதினார்கள். வாட்சன் ரொறன்ரோ என்றது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால், வேறு எதில் தடுமாறினாலும், ரொறன்ரோ எந்த நாட்டில் இருக்கிறது என்பதில் தடுமாறியிருக்க மாட்டார்கள். சித்தப்பாவோ பெரியம்மாவோ அங்கே இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. அன்று பலரும் சிரித்தார்கள். ஆனால் அந்த விடைக்குப் பின்னால் வாட்சன் ஐந்து கேள்விக்குறிகளை இட்டிருந்தது என்பதையும், அதுவரை சேர்த்திருந்த 36,681 டொலரில் வெறும் 947 டொலரை மட்டுமே அந்த விடையின்மீது பணயம் வைத்திருந்தது என்பதையும் கவனித்தவர்கள் குறைவு. இறுதிக் கேள்விக்கு விடை எழுதாமல் விட்டாலும் பணயம் வைத்த தொகை கழிக்கப்படும் என்பது விதி. அந்த விதி இல்லாதிருந்தால் அது வாயே திறந்திருக்காது.

டேவிட் ஃபெரூச்சி தலைமையிலான குழுவினர் அதைக் கட்டியமைத்த முறையே அப்படி. ஆட்டத்தின்போது இணையத் தொடர்பு கிடையாது. கலைக்களஞ்சியங்கள், அகராதிகள், செய்திகள் என்று ஏறத்தாழ 20 கோடிப் பக்கங்கள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தன. கேள்வி வந்ததும் 90 சேவையகக் கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கி, விடையாக இருக்கக்கூடிய பலவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சான்று கிடைக்கிறது என்று நிறுத்துப் பார்க்கும். (ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனத்தில் வைத்திருக்கும் வித்தை எங்களுக்குப் புதிதல்ல, சதாவதானி என்று பெயரெடுத்த நா. கதிரைவேற்பிள்ளை யாழ்ப்பாணத்துப் புலோலிக்காரர்.) இதில் நான் முதன்மையாகக் கருதுவது கடைசிப் படியைத்தான்: முதலிடத்துக்கு வந்த விடையில் தனக்கு எத்தனை வீத நம்பிக்கை இருக்கிறது என்று கணித்து, அது போதுமான அளவைத் தாண்டாவிட்டால் வாட்சன் பொத்தானை அழுத்தாமலே இருந்துவிடும். பிழையான விடைக்குப் பணம் கழிக்கப்படும் ஆட்டத்தில், பேசாமல் இருப்பதும் ஒரு திறமைதான்.

அந்த வெற்றி முழுவதும் அறிவினால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. தொகுப்பாளர் கேள்வியை வாசித்து முடித்த பின்னரே பொத்தான் இயங்கும். முந்தி அழுத்தியவர் கால் விநாடி காத்திருக்க வேண்டும். மனிதர்கள் குரலின் போக்கை வைத்து அந்தக் கணத்தை ஊகிக்கிறார்கள்; வாட்சனுக்கோ அது மின் சைகையாகவே போய்ச் சேர்ந்தது. பல கேள்விகளுக்கு மூவருக்குமே விடை தெரிந்திருக்கும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல. அதேவேளை, வாட்சனுக்குக் காது இல்லை. ஓரியோ பிஸ்கட் அறிமுகமான பத்தாண்டு எது என்ற கேள்விக்கு ஜெனிங்ஸ் 1920கள் என்று சொல்லித் தவறிய பிறகு, அதே 1920களைத் தானும் சொல்லி அது புள்ளியை இழந்தது.

எங்கள் போட்டியில் மின் சைகை ஏதும் இல்லை. அலுவலக மேசைகளில் தட்டி அழைக்கும் மணிதான் ஒவ்வோர் அணியின் முன்னும் இருக்கிறது. எது முந்தி ஒலித்தது என்பதைத் தீர்மானிப்பது என் காது, அதை ஏற்றுக்கொள்ளாமல் சண்டைக்கு வருவது பெற்றோர். கடந்த முறை ஒரு கேள்வியை வேண்டுமென்றே நீளமாக அமைத்திருந்தேன். “1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை” என்று வாசிக்கத் தொடங்கினேன். ‘முதற் பட்டதாரிகள்’ என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் மணியைத் தட்டி, “தாமோதரம்பிள்ளை!” என்றான். மற்றவர் யார் என்பதே கேள்வி. விசுவநாதபிள்ளை என்ற பெயரும் அவனுக்குத் தெரியும் என்பதை விழா முடிந்த பின்னர் பேசியபோது அறிந்தேன்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். புலமைப்பரிசில் பரீட்சை முதல் உயர்தரம் வரை நாங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குவது இதைத்தான். பல்தேர்வு வினாத்தாளில் பிழைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே “ஒண்டையும் விடாதை, தெரியாட்டிலும் எதுக்காவது புள்ளடி போடு” என்பது தனியார் வகுப்புகளில் கடைசி நாளில் சொல்லப்படும் அறிவுரை. பரீட்சைக்கு அது புத்திசாலித்தனந்தான். ஆனால் பத்து வருடங்களாக அதையே செய்துவந்த பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்ததற்கும் தான் ஊகிப்பதற்கும் இடையிலுள்ள எல்லை மங்கிப்போகிறது.

இதே கோளாறு இன்றைய உரையாடல் இயந்திரங்களிலும் இருப்பதை, 2025 இல் சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று ஏறக்குறைய இதே உதாரணத்தைக் கொண்டு விளக்குகிறது. இந்த இயந்திரங்களின் தரத்தை அளக்கும் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் ‘தெரியாது’ என்ற விடைக்குப் புள்ளி இல்லை. ஊகத்துக்கோ சில வேளைகளில் கிடைத்துவிடும். ஆகையால் அவை கடினமான பரீட்சையை எழுதும் மாணவனைப்போல ஊகிக்கக் கற்றுக்கொள்கின்றன. மொழிவளத்திலும் அறிவுப் பரப்பிலும் இவை வாட்சனை எங்கோ பின்னால் விட்டுவிட்டன. ஐந்து கேள்விக்குறி இடும் அந்தப் பழக்கத்தில் மட்டும் பின்தங்கிவிட்டன என்பது என் கணிப்பு.

தமிழில், அதுவும் ஊர் சார்ந்த விடயங்களைக் கேட்டால், இது அப்பட்டமாகத் தெரியும். ஆறுமுக நாவலர் பிறந்த ஆண்டு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஆண்டு போன்றவற்றுக்குக் கைத்தொலைபேசிச் செயலி தயங்காமல் சரியான விடை தந்தது. எங்கள் நிலையத்தின் வாசிகசாலையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டபோதும் அதே தயக்கமின்மையோடு, ஊரில் எவரும் கேள்விப்பட்டிராத ஒருவரின் பெயரையும், தொடக்க ஆண்டையும், அவர் செய்த தொண்டுகளையும் அழகான தமிழில் எழுதித் தந்தது. அதைப் பார்த்த நிலையத் தலைவர், பெயர் நன்றாக இருக்கிறது, பலகையில் போட்டுவிடலாமே என்று பகிடி விட்டார். வலையில் எழுத்தாக இல்லாததை இயந்திரம் அறிய வழியில்லை. 1981 இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறெங்கும் படி இல்லாதவற்றை எந்த இயந்திரத்துக்கும் இனி ஊட்ட முடியாது. எஞ்சியவற்றை 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள் என்றாலும், சனசமூக நிலையங்களின் பழைய கூட்டக் குறிப்பேடுகள் பலவும் இன்னும் அலுமாரிகளிலேயே கிடக்கின்றன. இயந்திரம் அறியாமல் இருப்பதில் எனக்குக் குறை இல்லை. அறியேன் என்று சொல்லாமல் பெயர் கட்டுவதில்தான் குறை.

அடுத்த ஆண்டு விழாவுக்கு இரண்டு மாற்றங்களை முன்வைத்திருக்கிறேன். பிழையான விடைக்குப் பாதிப் புள்ளி கழிக்கப்படும். கடைசிச் சுற்றில் ஒவ்வோர் அணியும் தன் விடையோடு, அதன்மீது எத்தனை புள்ளிகளைப் பணயம் வைக்கிறது என்பதையும் எழுத வேண்டும். பணயம் என்ற சொல் சூதாட்டத்தை நினைவூட்டுகிறது என்று ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் ஆட்சேபித்ததால், ‘நம்பிக்கைப் புள்ளி’ என்று எழுத ஒப்புக்கொண்டோம். பிள்ளைகளுக்கோ முதலாவது மாற்றமே பிடிக்கவில்லை. “பிழைக்குப் புள்ளி குறைப்பியள் எண்டா ஆர் சேர் மணி அடிக்கிறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். தெரிந்தவர் அடிக்கட்டும் என்றேன். அப்படியானால் போட்டி அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுமே, மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று செயலாளர் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அதற்கு இன்னும் முடிவு எடுக்கவில்லை.