வைரத்திலும் சென்ட் கணக்குதான், ஆனால் நிலத்துச் சென்ட் அல்ல

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்கப் போகும் வீட்டாருக்குப் பவுன் கணக்கு அத்துப்படி. எட்டு கிராம் ஒரு பவுன், சேதாரம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். வைரத் தட்டு மேசைக்கு வந்ததும்தான் தடுமாற்றம். "இது 50 சென்ட், அது 70 சென்ட்" என்றால் எதை வைத்து ஒப்பிடுவது?

முதலில் கேரட் என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தங்கத்தில் கேரட் என்பது சுத்தம்: 24 பங்கில் 18 பங்கு தங்கம் என்றால் 18 கேரட். வைரத்தில் அது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம். ஐந்து கேரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். ஒரு கேரட்டின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். அரை கேரட் கல்லும் 50 சென்ட் கல்லும் ஒன்றுதான்.

நம் ஊரில் சென்ட் என்றதும் மனை நினைவுக்கு வரும். அது பரப்பளவு, வைரத்துச் சென்ட் எடை. ஆனாலும் மனை வாங்கிய அனுபவம் இங்கே கைகொடுக்கும். ஐந்து சென்ட் மனை ரோட்டோரம் அகல முகப்போடும் இருக்கலாம், குறுகிய முகப்போடு உள்ளே நீண்டும் கிடக்கலாம். வைரமும் அப்படித்தான். விரலில் தெரிவது கல்லின் முகப்பு மட்டும். அடியில் ஆழமாகக் கிடக்கும் எடை கண்ணில் படாது, பில்லில் மட்டும் படும்.

நல்ல பட்டை தீட்டிய வட்டக் கல்லுக்குக் குறுக்களவு ஏறக்குறைய இப்படி வரும்: 30 சென்ட் 4.3 மில்லிமீட்டர், 50 சென்ட் 5.1, 75 சென்ட் 5.8, ஒரு கேரட் 6.5. எடை இரட்டிப்பானாலும் அகலம் கால் பங்குக்குச் சற்றே மேல்தான் கூடுகிறது. அரை கேரட்டிலிருந்து ஒரு கேரட்டுக்குப் போனால் கல் இரண்டு மடங்காகத் தெரியும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வைரத்தோடு வரும் சான்றிதழில் எடைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது ஆழச் சதவீதம், அதாவது கல்லின் உயரம் அதன் குறுக்களவில் எத்தனை சதவீதம் என்பது. வட்டக் கல்லுக்கு 59 முதல் 62.5 வரை நல்லது. 67 சதவீத ஆழமுள்ள ஒரு கேரட் கல்லின் முகப்பு 6.25 மில்லிமீட்டர்தான். 61 சதவீத ஆழத்தில் தீட்டிய 93 சென்ட் கல் 6.3 வந்துவிடும். எடை குறைந்த கல்தான் பெரிதாகத் தெரியும், ஒளியும் நன்றாகத் திரும்பும், விலையும் குறைவு. ஆழக் கல் ஏன் சந்தைக்கு வருகிறது? 50 சென்ட், 70 சென்ட், ஒரு கேரட் என்ற எல்லைகளைத் தொட்டதும் கேரட்டுக்கான விலையே தாவுகிறது. அந்த எல்லையை எட்டிப் பிடிக்கத்தான் அடியில் எடையை விட்டுவைக்கிறார்கள். ஆகவே 47, 48 சென்ட்டிலும் 92 முதல் 97 சென்ட்டிலும் நல்ல கட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பைக்குத் தெரியும்.

ஏழு கல் மோதிரம் கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பில்லில் "வைரம் 0.50" என்று இருந்தால் அது ஏழு கல்லின் மொத்த எடை, ஒவ்வொன்றும் ஏழு சென்ட் சொச்சம்தான். ஒரே தரத்தில் 50 சென்ட் ஒற்றைக்கல்லின் விலை இதைவிட நன்றாகவே கூடுதல், ஏனென்றால் பெரிய கல் அரிது. ஏழு கல்லுக்கும் கடைக்காரர் ஒற்றைக்கல் விலையைக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கல்லின் எண்ணிக்கையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

தங்க எடையில் கல் எடை கழிந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே சரிபாருங்கள். மோதிரம் மொத்தம் 4.120 கிராம், வைரம் 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 60 சென்ட் என்பது 0.120 கிராம், தங்கம் சரியாக 4 கிராம். 4.120-க்குத் தங்க விலை போட்டிருந்தால் கல்லுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறீர்கள்.

வைரம் போலவே தெரியும் வேறொரு கல் மோய்சனைட். அதை "ஒரு கேரட் வைரத்துக்குச் சமம்" என்று சொன்னால் அது அளவுக்குச் சமம், எடைக்கு அல்ல. அதன் அடர்த்தி குறைவு, 6.5 மில்லிமீட்டர் கல் 88 சென்ட்தான் நிற்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமோ எடையிலும் அடர்த்தியிலும் இயற்கை வைரத்தைப் போலவேதான், தராசு பிரித்துக் காட்டாது. இயற்கையா, வளர்த்ததா என்பது சான்றிதழிலும் பில்லிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கல்லைப் பதித்த பிறகு அதன் எடையை மதிப்பிட முடியுமே தவிர, நிறுத்துப் பார்க்க முடியாது. அதனால் உதிரிக் கல்லாக இருக்கும்போதே கேரட் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மூடியைச் சாத்திய பிறகுதான் எண்ணைப் படிக்க வேண்டும். ஃபேன் காற்றுக்கே கடைசி இலக்கம் ஆடும். கடைக்குள் இருக்கும் எல்.இ.டி. வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும், வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து ஒருமுறை பாருங்கள். மோதிரம் தயாராகி வந்ததும் பத்து மடங்கு லென்ஸில் கல்லின் விளிம்பைப் பார்த்து, அங்கே லேசரில் பொறித்த எண் சான்றிதழ் எண்ணோடு ஒத்துப்போனால் மட்டும் மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.