லிவிங் வில் எழுதி முடித்தேன்

நாமே முடிவு சொல்ல முடியாத நிலைக்குப் போய்விட்டால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் லிவிங் வில். அதில் நோட்டரி கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் போன நோட்டரி நாலு வரி படித்ததுமே தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். “இதெல்லாம் மாஜிஸ்திரேட் முன்னாடி போட வேண்டியதும்மா. நான் சீல் வெச்சா எனக்குத்தான் சிக்கல்” என்றார். கூட வந்த தங்கை வீட்டுக்காரரிடம், “அம்மாவுக்கு மனசு எதுவும் சரியில்லையா?” என்று வேறு கேட்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை. 68 வயதில், யோசித்து யோசித்து எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டிருக்கலாம்.

அவர் சொன்னது பழைய விதி. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் லிவிங் வில்லுக்கு அனுமதி தந்தபோது மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவு போதும். சாட்சிகள் சொந்தக்காரர்களாக இல்லாமல் இருப்பது நல்லது. அந்த 2023 உத்தரவைப் பிரின்ட் எடுத்து, நோட்டரி பற்றிய பத்தியில் கோடு போட்டுக் கையோடு கொண்டு போங்கள். அடுத்து பார்த்த நோட்டரி அதைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார்.

அலைச்சலைவிட எழுதியதுதான் என்னை உலுக்கியது. ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்று ஆரம்பித்திருந்தேன். எங்கள் குடும்ப டாக்டர் படித்துவிட்டு, “டீச்சர், இதை வெச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ டாக்டர் என்ன முடிவெடுப்பார்? வென்டிலேட்டர் வேணுமா, வேண்டாமா? டயாலிசிஸ்? மூக்குல டியூப்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் கணவர் கடைசியில் வென்டிலேட்டரில் இருந்தபோது, குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் சிவந்து தடித்துப் போயிருந்தது. சாவுக்குப் பயந்தவள் என்றுதான் இத்தனை வருஷம் என்னை நினைத்திருந்தேன். எழுத எழுத, அந்தத் துணிக்கட்டுக்குத்தான் பயந்திருக்கிறேன் என்று தெரிந்தது. நடக்க முடியாமல் போனால்? இருப்பேன். கண் தெரியாமல் போனால்? பாட்டுக் கேட்டுக்கொண்டு இருப்பேன். பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல், இனித் தேறாது என்று டாக்டர்களும் சொல்லிவிட்ட பிறகு, வேண்டாம். வலிக்கு மட்டும் எவ்வளவு மருந்து தேவையோ அவ்வளவும் தர வேண்டும் என்று தனி வரியாகச் சேர்த்தேன். நீங்களும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

நம் சார்பில் சம்மதம் சொல்ல ஆள் குறிப்பிட வேண்டும். மகள் உடனே சரி என்றாள். மகன், “நல்லா இருக்கும்போது என்னம்மா இது” என்று போனை வைத்துவிட்டான். தீபாவளிக்கு வந்தவன் வரைவை எடுத்து வெகுநேரம் படித்தான். “அப்பா கையைக் கட்டினது எனக்கும் மறக்கலைம்மா. என் பேரையும் போடு” என்றான். ஒருவருக்கு மேல் போட இப்போது இடமுண்டு. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்து வைக்க வேண்டும். நகராட்சியில் இதற்கு யார் பொறுப்பு என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. பிறப்பு இறப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் ரிஜிஸ்டரைத் திறந்து “இறந்தவர் பேர்?” என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடைசியில் தபால் பிரிவில்தான் வாங்கினார்கள். நம் கையில் இருக்கும் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இதை நீட்டியதும் எதையும் நிறுத்திவிட மாட்டார்கள். அங்குள்ள மருத்துவக் குழு ஒன்று, அப்புறம் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரும் இருக்கிற இன்னொரு குழு, இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது உத்தரவு. அதனால் தாளை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். என்னுடையது இன்ஷூரன்ஸ் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறது, பிள்ளைகள் இருவர் போனிலும் படமாக இருக்கிறது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படிக்கப் போகிறேன். 75 வயதில் எனக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.